நான் அழித்த காசெட்

இரண்டு பௌர்ணமிக்கு முன்னால் நடந்தது. அடி அண்ணாமலையில் கோயிலைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். இரவு பதினோரு மணி இருக்கும். கிரிவலக் கூட்டம் விடாமல் போய்க்கொண்டிருந்தது. பதினான்கு கிலோமீட்டரில் பாதிக்கு மேல் நடந்து வந்தவர்கள் இந்த இடத்தில்தான் கால் நீட்டி உட்காருவார்கள். கடைக்காரர் ஸ்பீக்கரில் 'பிச்சைப் பாத்திரம்' பாடலைப் போட்டிருந்தார். இளையராஜா தன் குரலில் பாடிய பதிவு.

பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த பையன், சென்னையில் கம்ப்யூட்டர் வேலையாம், பாட்டைக் கேட்டுவிட்டுச் சொன்னான்: "'நான் கடவுள்' பாட்டு சார் இது. ஆனா குரல் வேற. யாரோ கவர் பண்ணியிருக்காங்க போல. ஒரிஜினல் இன்னும் நல்லா இருக்கும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. கொஞ்சம் வருத்தமும் வந்தது. அந்தப் பாட்டு இளையராஜா ரமண மகரிஷியை நினைத்துத் தானே எழுதி, இசையமைத்துப் பாடிய 'ரமண மாலை' தொகுப்பில் வந்தது. பிறகுதான் 2009-ல் பாலாவின் 'நான் கடவுள்' படத்தில் மது பாலகிருஷ்ணன் குரலில் ஒலித்தது. பையன் நகல் என்று நினைத்ததுதான் மூலம். அதுவும் எந்த ஊரில் இருந்துகொண்டு இப்படிச் சொன்னான்? ரமணர் 1896-ல் வந்து சேர்ந்து, 1950-ல் கண் மூடும்வரை இடம் மாறாத ஊரில்.

பையனைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஏனென்றால் அவனைவிடப் பெரிய தப்பை நான் செய்திருக்கிறேன். இத்தனை வருஷமாக யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்ததை இன்றைக்கு எழுதிவிடலாம் என்று தோன்றுகிறது.

1987. நான் வேலூரில் வேலை பார்த்தேன். ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்த நண்பரும் நானும் ஓர் அறையில் தங்கியிருந்தோம். இரண்டு பேருக்கும் இளையராஜா என்றால் உயிர். 1976-ல் 'அன்னக்கிளி' வந்தபோது நாங்கள் பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகள். அந்தப் பாட்டுகளோடு வளர்ந்து, வேலைக்குப் போய், சம்பளம் வாங்கியவர்கள். அறையில் ஒரு டூ-இன்-ஒன் இருந்தது. அவரும் நானும் பாதிப் பாதி காசு போட்டு வாங்கியது.

ஒருநாள் அவர் ஒரு புதுக் காசெட் வாங்கி வந்தார். 'ஹவ் டு நேம் இட்'. 1986-ல் வெளிவந்த தொகுப்பு. போட்டோம். ஒரு பக்கம் ஓடி முடிந்தது. பாட்டே வரவில்லை. வயலின், மறுபடி வயலின். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். நான், "என்னய்யா இது, பாடறவங்க யாரும் வரலையா?" என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. ஒரு மாதம் தினமும் ராத்திரி அதையே போட்டார். நான் போர்வையைத் தலைவரைக்கும் இழுத்து மூடிக்கொள்வேன்.

அந்த வருஷக் கடைசியில் அவருக்கு மாற்றல் வந்தது. போகும்போது, "நீ பொறுமையா கேளுய்யா, ஒருநாள் பிடிபடும்" என்று சொல்லி அந்தக் காசெட்டை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

அந்த நேரத்தில்தான் 'நாயகன்' வந்தது. அந்தக் காலத்தில் பாட்டுப் பதிவு செய்து கொடுக்கும் கடைகள் தெருவுக்கு ஒன்று இருந்தது உங்களுக்கு நினைவிருக்கும். ஒரு தாளில் வேண்டிய பாட்டுகளை வரிசையாக எழுதிக் கொடுத்தால் இரண்டு நாளில் பதிவு செய்து தருவார்கள். புதுக் காசெட் வாங்க மாதக் கடைசியில் கையில் காசில்லை. நண்பர் கொடுத்த காசெட் சும்மாதானே கிடக்கிறது என்று அதையே எடுத்துக்கொண்டு போனேன். கம்பெனிக் காசெட்டில் மேல் பதிவு செய்யாமலிருக்க மேல்பக்கம் சின்ன ஓட்டை விட்டிருப்பார்கள். கடைக்காரர் அதன் மேல் ஒரு துண்டு செல்லோடேப் ஒட்டினார். 'நாயகன்', 'மௌன ராகம்', 'புன்னகை மன்னன்', 'சிந்து பைரவி' என்று பக்கத்துக்கு ஐந்து பாட்டு.

இளையராஜாவின் மேலேயே இளையராஜாவைப் பதிவு செய்து அழித்தேன். வேறு யாருடைய பாட்டையாவது பதிவு செய்திருந்தால்கூட இவ்வளவு உறுத்தாது.

ஆனால் கடைக்காரர் ஒரு பக்கத்தில் ஐந்தாவது பாட்டு முடிந்ததும் நிறுத்திவிட்டார். நாடா இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. பாட்டு முடிந்து, 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டு, அப்புறம் அரை நிமிஷம் பழைய வயலின் வரும். அதோடு பக்கம் முடிந்துவிடும். அந்தக் காசெட்டைப் பல வருஷம் கேட்டேன். ஒவ்வொரு முறையும் அந்த அரை நிமிஷம் வந்தது. முதலில் எரிச்சலாக இருந்தது. பிறகு பழகிவிட்டது. பிறகு, எப்போது என்று சொல்லத் தெரியவில்லை, அந்த அரை நிமிஷத்துக்காகக் காத்திருக்க ஆரம்பித்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் தூர்தர்ஷனில் பாலு மகேந்திராவின் 'வீடு' போட்டார்கள். 1988-ல் வந்த படம். சிறந்த தமிழ்ப் படம் என்று தேசிய விருது வாங்கியது. அர்ச்சனாவுக்கும் சிறந்த நடிகை விருது கிடைத்தது. படத்தில் ஒரு பாட்டுகூடக் கிடையாது. வாடகை வீட்டிலிருந்து ஒரு சொந்த வீட்டுக்குப் போகப் பாடுபடும் குடும்பம். தாத்தாவாகச் சொக்கலிங்க பாகவதர். பின்னணியில் ஒரு வயலின். கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். என் காசெட்டின் கடைசியில் ஒட்டிக்கொண்டிருந்த அதே ஜாதி இசை. பாலு மகேந்திரா அந்தப் படத்துக்குப் பின்னணியாக 'ஹவ் டு நேம் இட்' தொகுப்பைத்தான் எடுத்துப் பயன்படுத்தியிருந்தார். பாகவதர் பாதி கட்டிய வீட்டைப் பார்க்கக் குடையோடு நடந்துபோகும் காட்சியை யாரால் மறக்க முடியும்? எனக்கு அன்றைக்கு அழுகை வந்தது. பாகவதருக்காக அழுதேனா, செல்லோடேப் ஒட்டிய அந்தக் காசெட்டுக்காக அழுதேனா என்று இன்றுவரை தெரியாது.

இப்போது டீக்கடைப் பையனையும் என்னையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அவனுக்கு 'பிச்சைப் பாத்திரம்' பாட்டை 'நான் கடவுள்' காட்டிக் கொடுத்தது. எனக்கு அந்த வயலினை 'வீடு' காட்டிக் கொடுத்தது. இரண்டு பேருக்கும் சினிமா வந்து கையைப் பிடித்துக் கூட்டிப்போக வேண்டியிருந்தது. இளையராஜா ரசிகன் என்று மார்தட்டிக்கொள்ளும் நம் தலைமுறை, அவர் சினிமாவுக்கு வெளியே செய்ததை ஏறக்குறைய கேட்கவே இல்லை என்பதுதான் என் குற்றச்சாட்டு. முதல் குற்றவாளி நான்.

ஏன் கேட்கவில்லை? யோசித்துப் பார்த்தால் காரணம் எளிது. நாம் பாட்டைப் படத்தின் பெயரால் ஞாபகம் வைத்துக்கொள்கிறோம். காசெட் கடையில் அலமாரி படப் பெயரால் அடுக்கியிருக்கும். ரேடியோவிலும் படத்தின் பெயரைச் சொல்லித்தான் பாட்டைப் போடுவார்கள். நமக்குள்ளும் அப்படித்தான்: இது கமல் பாட்டு, இது மோகன் பாட்டு, இது கல்யாணத்துக்கு முன்னால் பார்த்த படத்தில் வந்த பாட்டு. முகமும் வார்த்தையும் கதையும் இல்லாமல் வெறும் இசையாக வந்த ஒன்றை வைக்க நமக்குள் அலமாரி இல்லை. இதற்கு என்ன பெயர் வைப்பது என்று அவர் தலைப்பிலேயே கேட்டார். நமக்கும் தெரியவில்லை, விட்டுவிட்டோம்.

சரி, அதில் என்னதான் இருக்கிறது?

தியாகராஜருக்கும் பாக்குக்கும் காணிக்கையாக்கிய தொகுப்பு அது. பாக் ஜெர்மானியர், 1750-ல் மறைந்தவர். தியாகராஜர் பிறந்தது 1767-ல். ஒருவர் பெயரை மற்றவர் கேள்விப்பட்டிருக்க வழியில்லை. அவர்களை ஒரே கூடத்தில் உட்கார வைத்துப் பேச விட்டால் எப்படி இருக்கும் என்பதுதான் பத்துத் துண்டுகளும். தலைப்புகளே சொல்லிவிடும். ஒன்றின் பெயர் 'சேம்பர் வெல்கம்ஸ் தியாகராஜா'. இன்னொன்று 'ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்', அதாவது பாக்கை என் வீட்டில் சந்தித்தேன். அதற்கு அடுத்தது, '...அண்ட் வி ஹேட் எ டாக்', உட்கார்ந்து பேசினோம். இந்த இரண்டையும் சேர்த்துக் கேட்க வேண்டும். பாக்கின் இசை மேற்கத்திய முறையில் துளி பிசகாமல் போகும். நம் வயலின் கமகத்தோடு குழைந்து அதனோடு சேர்ந்துகொள்ளும். வாசித்தவர் வி.எஸ். நரசிம்மன். நாம் உருகிக் கேட்ட எத்தனையோ சினிமாப் பாட்டுகளின் இடையிசையில் வில் பிடித்த கை அது. பெயர்தான் நமக்குத் தெரியாது.

'மேட் மாட் மூட் ஃபியூக்' என்று ஒன்று இருக்கிறது. ஃபியூக் என்றால் என்ன என்று பயப்பட வேண்டாம். நம் ஊர்க்காரர்களுக்கு அது மாதாமாதம் கேட்கும் சத்தம்தான். கிரிவலத்தில் முன்னே போகும் கூட்டம் அண்ணாமலையானுக்கு என்று குரல் எடுக்கும். அது அரோகரா சொல்லி முடிப்பதற்குள் பின்னால் வரும் கூட்டம் அதையே தொடங்கிவிடும். அதற்குள் மூன்றாவது கூட்டம். ஒரே சொல்தான், ஆனால் ஒன்றை ஒன்று துரத்திக்கொண்டும் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொண்டும் போகும். திண்ணையில் உட்கார்ந்து கேட்டால் தனி அழகு. ஃபியூக்கும் அதுதான். ஒரு மெட்டை ஒரு வாத்தியம் தொடங்கும், அது முடியுமுன் அடுத்தது அதையே பிடித்துக்கொள்ளும்.

இரண்டு வருஷம் கழித்து, 1988-ல், 'நத்திங் பட் விண்ட்'. புல்லாங்குழல் ஹரிபிரசாத் சௌராசியா. கூடவே ஐம்பது பேர் கொண்ட வாத்தியக் குழு. இதில் ஒரு துண்டுக்கு 'சிங்கர் அன்பெய்டு' என்று பெயர். கூலி வாங்காத பாடகன்! அந்தக் குறும்பே தனி. முதன்முதலில் கேட்பவர்களுக்கு நான் இதைத்தான் சிபாரிசு செய்வேன். 'ஹவ் டு நேம் இட்' கொஞ்சம் தலையைக் கேட்கும். இது காற்று வாங்குவது மாதிரி. 1994-ல் மாண்டலின் ஸ்ரீனிவாஸ் வாசிக்கத் தனிக் கர்நாடக உருப்படிகள் செய்து ஒரு தொகுப்பு வந்தது. அது வந்ததே நம்மில் பலருக்குத் தெரியாது.

இது நம் ஊருக்கு மட்டும் உள்ள வியாதி என்றும் நினைத்துவிடக் கூடாது. எங்கள் தெருவில் மாடி வாடகைக்கு எடுத்துச் சில மாதங்கள் தங்கியிருந்தார் ஓர் இங்கிலாந்துக்காரர். என் வயதுதான். ஆசிரமத்துக்கு நடந்து போகும் வழியில் பழக்கம். அவருடைய எழுபதுகளில் அவருக்கு உயிராக இருந்தது ராக் இசைக் குழுக்கள். அதிலும் இருபது நிமிஷம் நீளும் பாட்டு, மேல்நாட்டுச் சாஸ்திரிய இசை எல்லாம் கலந்து பரிசோதனை செய்த குழுக்கள். "எல்லாரும் ஒரு குழுவின் இரண்டு இசைத்தட்டைத்தான் கேட்பார்கள், மிச்சம் பத்து தூசியில் கிடக்கும், நான் அந்தப் பத்தைத்தான் தேடித் தேடிக் கேட்கிறேன்" என்றார். தன் செல்போனில் ஜெத்ரோ டல் என்ற குழு 1969-ல் பதிவு செய்த ஒன்றைப் போட்டுக் காட்டினார். பாக் எழுதிய ஒரு நாட்டிய இசையைப் புல்லாங்குழலில் ஊதித் தங்கள் பாணிக்குத் திருப்பியிருந்தார்கள். பதிலுக்கு நான் என் செல்போனில் 'ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்' போட்டேன். முடிந்ததும், "இவர் வேறு என்னவெல்லாம் செய்திருக்கிறார்?" என்று கேட்டார். ஆயிரம் படங்களுக்கு மேல் என்றேன். நான் கிண்டல் செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டார்.

இனி 'திருவாசகம்'. அடி அண்ணாமலைக்காரன் இதைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. மாணிக்கவாசகர் திருவெம்பாவை பாடியது திருவண்ணாமலையில் என்பது மரபு. அதை நினைவுபடுத்த அவருக்கு இங்கே, கிரிவலப் பாதையில் தனிக் கோயிலே இருக்கிறது. அப்படிப்பட்ட ஊரில் வளர்ந்தவனுக்கு, 2005-ல் ஹங்கேரி நாட்டுப் புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழுவை வைத்துத் திருவாசகம் வருகிறது என்றதும் இரண்டு மனசு. ஓதுவார் பாடிக் கேட்ட காதுக்கு இது ஒட்டுமா?

முதல் தடவை ஒட்டவில்லை. சிவபுராணத்திலிருந்து எடுத்த பகுதி ஏறக்குறைய இருபது நிமிஷம் போகிறது. நடுவில் ஆங்கிலத்தில் ஒரு பாட்டு. ஸ்டீபன் ஷ்வார்ட்ஸ் என்ற அமெரிக்கர் எழுதியது. எனக்கு அந்த ஆங்கிலம் இன்றுவரை இடிக்கிறது. பிடித்த எல்லாவற்றையும் புகழ வேண்டும் என்று கட்டாயமில்லை. ஆனால் அச்சப்பத்தை அவர் கையாண்டிருக்கும் விதத்தைக் கேட்டுப் பாருங்கள். எதற்கு அஞ்சேன், எதற்கு அஞ்சுவேன் என்று அடுக்கிக்கொண்டு போகும் பதிகம். அந்தப் பெரிய வாத்தியக் குழு முழுதும் சேரும்போது, பயமில்லை என்று சொல்பவனுக்குள் இருக்கும் பயமும் சேர்ந்து கேட்கிறது. சின்ன வயதிலிருந்து தெரிந்த பாட்டில் இப்படி ஒன்று இருப்பது எனக்கு அதைக் கேட்ட பிறகுதான் தெரிந்தது. ஆறு பாடல்கள் உள்ள அந்தத் தொகுப்பில் நம் ஊர்த் திருவெம்பாவை இல்லை என்பது எனக்கு ஒரு குறை. மார்கழிக்கு மார்கழி அதை நினைத்துக்கொள்வேன்.

என் மைத்துனர் இதற்கெல்லாம் ஒரே பதில் சொல்வார்: "அவருக்குச் சோறு போட்டது சினிமா. நமக்கும் சுகம் கொடுத்தது சினிமாப் பாட்டு. மத்ததெல்லாம் ஒழிஞ்ச நேரத்துல செஞ்சது. அதைப் போய்ப் பெரிசா சொல்றீங்களே மாமா."

ஒழிந்த நேரமா? 1986-ல் அவருக்கு ஒழிந்த நேரம் எங்கே இருந்தது? வருஷத்துக்கு எத்தனை படம், ஒரு நாளைக்கு எத்தனை பாட்டு! யாரும் கேட்காமல், கதாநாயகன் இல்லாமல், விற்குமா என்று தெரியாமல் ஒரு மனிதர் அதற்கு நடுவில் இதைச் செய்கிறார் என்றால், அது அவருக்கு எவ்வளவு வேண்டியதாக இருந்திருக்கும்? சினிமாவில் இயக்குநர் கேட்டதைக் கொடுத்தார். இதில் தனக்கு என்ன வேண்டும் என்று தன்னையே கேட்டுக்கொண்டார். ஒருவரைப் பிடிக்கும் என்று சொல்பவன் இரண்டாவதைத் தெரிந்துகொள்ள வேண்டாமா?

2025 மார்ச் 8-ஆம் தேதி லண்டனில் அவருடைய 'வேலியண்ட்' சிம்பொனி அரங்கேறியது. அன்றைக்கு எங்கள் ஓய்வூதியர் வாட்ஸ்அப் குழுவில் வாழ்த்துச் செய்தி குவிந்தது. நானும் இரண்டு அனுப்பினேன். பெருமைதான், மறுக்கவில்லை. ஆனால் வாழ்த்து அனுப்பிய எத்தனை பேர் முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் வந்த அந்தப் பத்துத் துண்டில் ஒன்றையாவது கேட்டிருப்போம்? அரங்கேற்றத்துக்குக் கைதட்டுவது சுலபம். ஒருநாள் ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு முக்கால் மணி நேரம் உட்காருவதுதான் நமக்குக் கஷ்டமாக இருக்கிறது. இப்போது காசெட் தேட வேண்டியதில்லை, காசும் வேண்டியதில்லை. செல்போனில் பெயரைச் சொன்னால் பாடுகிறது. வேலையும் போய்விட்டது, பிள்ளைகளும் வெளியூர். நேரமில்லை என்று சொல்ல நமக்கு வாய் கிடையாது.

நண்பர் விஷயத்தைச் சொல்லாமல் முடிக்கக் கூடாது. அவர் இப்போது கோயம்புத்தூரில் இருக்கிறார். கார்த்திகை தீபத்தன்று தவறாமல் போன் செய்து, "ஏத்திட்டாங்களா?" என்று கேட்பார். போன தீபத்தன்று மலை உச்சியில் ஜோதி தெரிந்து கொஞ்ச நேரத்தில் போன் வந்தது. ஏற்றிவிட்டார்கள் என்றேன். அப்புறம் என்ன தோன்றியதோ, காசெட் கதையை முழுக்கச் சொல்லிவிட்டேன். செல்லோடேப் உட்பட.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

"யோவ், மேல என்னென்ன பாட்டுய்யா பதிஞ்சே?"

ஞாபகம் இருந்த வரைக்கும் சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் "ம்" போட்டுக்கொண்டே வந்தார். "மோசமில்லை" என்றார் கடைசியில். பிறகு, "அந்த அரை நிமிஷம் இன்னும் இருக்கா?" என்று கேட்டார்.

"காசெட் இருக்கு. பீரோவுல வெச்சிருக்கேன். போட்டுக் கேக்க டூ-இன்-ஒன்தான் இல்லை."

"என் பங்கு பாதி இருந்ததே அதுல, அதையும் வித்துட்டியா?" என்று சிரித்தவர், அடுத்த தீபத்துக்கு நேரில் வருவதாகச் சொன்னார். அவர் மகன் பரணில் பழைய டேப்ரிக்கார்டர் ஒன்று இருக்கிறதாம். துடைத்து எடுத்து வருகிறாராம்.